காலி வீட்டின் குடித்தனக்காரி

“அப்படின்னா அந்த வீட்டைக் காட்டுங்க.”

மெரெட் இதைச் சொன்னதும் எதிரே இருந்த அலுவலர் ஹெர் கிளாப்ரோத்தின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. பக்கத்து மேசைக்காரி வாய்வரை கொண்டுபோன காப்பியைக் கீழே வைத்தாள். ஆல்டன்சீல் நகர வாடகை ஆதரவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அழுகையும் கெஞ்சலும் கெட்ட வார்த்தையும் அன்றாடம் கேட்பவை. அவற்றுக்கெல்லாம் யாரும் தலை நிமிர்வதில்லை. இதற்கு நிமிர்ந்தார்கள்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சொன்னவள் கீழ்வீட்டு நெஸ்ரின். அந்த அலுவலகத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டியவள். “அங்க போய் என்ன வேணா கேளுடி. பணம் கேளு, அவகாசம் கேளு, அந்தாளு மேசையில இருக்கற பூந்தொட்டியைக்கூடக் கேளு. வீட்டைக் காட்டுன்னு மட்டும் கேட்டுடாதே” என்றிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “காட்டிடுவாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மெரெட் லூபன் தன் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா மீன் ஏலக்கூடத்தில் பெட்டி இறக்கியவர். அம்மா அந்தப் பெட்டிகளைக் கழுவியவள். மகள் வரலாறு படித்தாள். நகர அருங்காட்சியகத்தில் ‘நம் ஊரில் வறுமை’ என்ற கண்காட்சியைத் தயாரிக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. இடைக்காலத்தில் தொடங்கி 1923 வரை வறுமையைக் கொண்டுவந்து சேர்த்தபோது நிதி தீர்ந்துவிட்டது என்றார்கள். கண்காட்சியை அந்த வருஷத்தோடு முடித்துத் திறப்புவிழாவும் நடத்தினார்கள். அதற்குப் பின் ஊரில் வறுமை இல்லை என்று பார்வையாளர்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள். மெரெட்டும் வீடு திரும்பினாள், வேலையில்லாமல்.

வீட்டில் ஐந்து வயது ஃபென்யா இருந்தாள். ஃபென்யாவின் அப்பா நார்வேக் கடலில் காற்றாலை நடப் போனவன். அங்கேயே குடும்பம் ஒன்றையும் நட்டுக்கொண்டான். பிறந்தநாளுக்குப் படம் அனுப்புவான், காற்றாலையின் படம்.

இந்த நிலையில் அவள் குடியிருந்த கட்டடத்தை ஒரு நிறுவனம் வாங்கியது. வாங்கிய கையோடு வெளிச்சுவர் முழுக்க ஒரு முழ கனத்துக்கு நுரைப்பலகை ஒட்டினார்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதாம். ஜன்னல்கள் குழிக்குள் போய்விட்டன, வெளிச்சமும் போனது. கட்டடத்தை மேம்படுத்திவிட்டதால் வாடகை ஏறுகிறது என்று அறிவிப்பு வந்தது. கணப்புச் செலவில் மிச்சமாவதைப்போலப் பத்து மடங்கு ஏற்றியிருந்தார்கள்.

வேலையில்லாதவளின் வாடகையை அரசு கட்டும். ஆனால் ‘தகுந்த வாடகை’யைத்தான் கட்டும். தாயும் ஒரு பிள்ளையும் வாழ ஆல்டன்சீலில் எது தகுந்த வாடகை என்று அலுவலகம் ஒரு தொகையை வைத்திருந்தது. மெரெட்டின் புது வாடகை அதைத் தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்குள் தகுந்த வாடகையில் வீடு பார்த்துப் போ, இல்லையென்றால் மீதியை நீயே கட்டு என்று சொல்லிவிட்டார்கள். மீதியைக் கட்டுவதென்றால் மாதத்தில் பாதி நாள் அவளும் ஃபென்யாவும் பட்டினி கிடக்க வேண்டும். கட்டாவிட்டால் நிறுவனம் வீட்டைவிட்டு வெளியேற்றும்.

அவள் தேடினாள். அந்தத் தொகைக்கு ஊரில் கார் நிறுத்தும் கொட்டகை கிடைத்தது. சரியாகத் தேடவில்லை என்று அலுவலகம் அவளை ‘வீடு தேடும் திறன் வளர்ப்பு’ வகுப்புக்கு அனுப்பியது. வீட்டுக்காரருக்கு அனுப்பும் படத்தில் மேல்வரிசைப் பல் மட்டும் தெரியச் சிரிக்க வேண்டும், பிள்ளை இருப்பதைச் சொல்லாமல் ‘அமைதியான இரண்டாவது நபர்’ என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் நடத்தியவர் வீடு கிடைக்காமல் தன் அக்காவின் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். வகுப்பை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மெரெட்டிடம் இப்போது இரண்டு பட்டங்கள் இருந்தன.

ஆறாம் மாதம் அவள் கிளாப்ரோத்தின் முன் உட்கார்ந்து, அந்த வாடகையில் இந்த ஊரில் வீடே கிடையாது என்றாள். கிளாப்ரோத் சலிப்பில்லாமல், “இல்லாத வீட்டுக்கு நாங்க வாடகை நிர்ணயிக்கறதில்ல, ஃப்ராவ் லூபன்” என்றார். அப்போதுதான் அவள் அந்தக் கோரிக்கையை வைத்தாள்.

கிளாப்ரோத் எழுந்து கதவைச் சாத்தினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் தொலைபேசியை எடுத்து, குரலைத் தாழ்த்தி, “கேட்டுட்டாங்க” என்றார்.

துறைத் தலைவி டாக்டர் மூரிங் மாடிப்படி ஏறி ஓடி வந்தாள். கோபமாக இல்லை. கல்யாண வீட்டில் தாம்பாளம் ஏந்தி வருபவளைப்போல முகம் மலர்ந்து வந்தாள். மெரெட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“மக்கள் எங்களைச் சந்தேகப்படறாங்க, ஃப்ராவ் லூபன். ஆனா கேக்க மாட்டேங்கறாங்க. கேட்டாத்தானே காட்ட முடியும்? வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”

வியாழக்கிழமை வந்தபோது அந்த வீடு இருந்த கட்டடத்தின் படிக்கட்டில் வரிசை மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, ரொட்டிக்கடை வரை நின்றது. வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வழக்கப்படி கையில் கோப்பு வைத்திருந்தார்கள். சம்பளச் சான்று, கடனில்லாச் சான்று, பழைய வீட்டுக்காரரின் நற்சான்று. ஒருத்தி தன் பூனைக்கும் நற்சான்று வாங்கி வந்திருந்தாள். வாசலில் எல்லோருக்கும் அரண்மனை அருங்காட்சியகங்களில் கொடுப்பதுபோல் செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளி உறை கொடுத்தார்கள். தரை பளபளப்பு கெடக் கூடாது.

வீடு இருந்தது. அதுதான் மெரெட்டை முதலில் நிலைகுலைய வைத்தது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும் ஜன்னல். சாப்பாட்டு மேசையில் முழு ரொட்டி, தட்டினால் பிளாஸ்டர். கிண்ணத்தில் ஆப்பிள், மெழுகு. குழந்தை அறைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. ஜன்னலருகே பெட்ஸோல்ட் என்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் ஜன்னல்களை விரியத் திறந்து காற்று மாற்றுவது அவர் வேலை. அதற்காகவே நிரந்தரப் பணியில் இருந்தார், ஓய்வூதியத்தோடு. யாரும் மூச்சுவிடாத வீட்டில் எதற்குக் காற்று மாற்ற வேண்டும் என்று மெரெட் கேட்டாள். வீட்டைக் காற்றாட விடாதவன் எல்லாம் ஒரு மனிதனா என்பதுபோல் அவளைப் பார்த்தார் பெட்ஸோல்ட்.

அதற்குள் ஃபென்யா கயிற்றுக்கு அடியில் நுழைந்து கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். எங்கோ ஒரு மணி வீறிட்டது. வரிசையில் நின்றவர்கள் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

மெரெட் பதறவில்லை. “எனக்கு வீடு பிடிச்சிருக்கு. எடுத்துக்கறேன்” என்றாள்.

டாக்டர் மூரிங் இரக்கத்தோடு சிரித்தாள். அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், படித்தவளுக்குப் படித்தவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

“இங்க பாருங்க. தகுந்த வாடகைக்குக் காலியா ஒரு வீடாவது ஊர்ல இருக்கணும், அப்பத்தான் அந்தத் தொகை செல்லும். இதோ இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு. இதை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா இது காலியா இருக்காது. காலியா இல்லன்னா தொகை செல்லாது. உங்க ஒருத்திக்கு வீடு வேணுங்கறதுக்காக ஊர்ல இருக்கற அத்தனை பேரோட தகுந்த வாடகையையும் கெடுக்கச் சொல்றீங்களா? இது காலியா இருக்கறதே உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.”

இந்த வீட்டுக்கு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று மெரெட் கேட்டாள். அலுவலகம்தான் என்றாள் மூரிங். யாருக்கு? அவள் பெருமையோடு பெயரைச் சொன்னாள். மெரெட்டின் கட்டடத்தை வாங்கிய அதே நிறுவனம். அவர்கள் தகுந்த வாடகைக்கா கொடுத்தார்கள்?

“சேச்சே, அந்தத் தொகைக்கு யார் குடுப்பாங்க? அவங்க கேக்கறதை நாங்க கட்டறோம். தகுந்த வாடகை வரைக்கும் வாடகைக் கணக்கு. அதுக்கு மேல போறது, மக்களுக்குக் காட்டற விளக்கக் கருவிகள் கணக்கு.”

சொல்லிக்கொண்டே மூரிங் குழந்தை அறையை எட்டிப் பார்த்தாள். ஃபென்யா தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று காலையிலிருந்து வீடு பார்க்க வந்தவர் யாரும் சிரித்திருக்கவில்லை. மூரிங் அதைக் கவனித்தாள். அடுத்த திங்கட்கிழமையே மெரெட்டுக்கு வேலை வந்தது.

வேலையின் பெயர் ‘குடியிருப்பு உயிரூட்டல்’. வியாழக்கிழமைகளில் அவளும் ஃபென்யாவும் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்போல இருக்க வேண்டும். வருகிறவர்களிடம், தகுந்த வாடகைக்கு வீடு தேடினோம், கிடைத்தது, இதேபோல் இன்னும் வரும் என்று சொல்ல வேண்டும். நாலு மணிக்குப் போய்விட வேண்டும். கூலி மணிக்கு ஒரு யூரோ. மறுத்தால் உதவித்தொகையில் வெட்டு. ஏற்றால், அவள் வாடகையின் மீதிப் பகுதியை விதிவிலக்காக அலுவலகமே கட்டும். எவ்வளவு காலத்துக்கு என்றால், விதிவிலக்கு நீடிக்கும் வரை.

மெரெட் அருவருப்போடு ஒத்துக்கொண்டாள். வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; அந்தச் சமாதானத்தையும் அருவருத்தாள்.

நெஸ்ரினிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு குளிர்காலம் நான் அங்க உக்காந்திருந்தேன்டி” என்றாள். “அப்புறம் ஒருநாள் அந்த மூரிங்கு வந்து, ரொம்பத் தன்மையா, உங்களைப் பாத்தா வர்றவங்களுக்கு இது நம்ம வீடுன்னு தோண மாட்டேங்குது, ஃப்ராவ் அக்டாஷ்னு சொன்னா. எங்கப்பா வெளிநாட்டுலேந்து வந்தவரு, ஆனா நான் இந்த ஊர்லதான் பொறந்தேன். அவ ஹானோவர்லேந்து வந்தவ.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்ல? பிளாஸ்டர் ரொட்டிக்குக் காவல் இருந்தேன்னா? சொல்ற விஷயமாடி அது?”

வேலை தொடங்கியது. பல் துலக்கும் பிரஷ் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது, குளியலறையில் அலுவலகமே வைத்தது. கதவுக்குப் பின்னால் இரவு உடுப்பு தொங்கியது. ஃபென்யா வரைந்த படம் ஒன்றைக் குளிர்பெட்டியில் ஒட்டினார்கள். சூப்பின் வாசனைக்கு ஒரு தெளிப்பான் கொடுத்தார்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை. உண்மையான சூப் வைக்கக் கூடாது. ஆவியால் சுவர் பூசணம் பிடித்துவிடும் என்று பெட்ஸோல்ட் எச்சரித்தார். அவர் வியாழன்தோறும் காற்று மாற்றிவிட்டுப் போகும்போது ஃபென்யாவின் தலையைத் தடவிக்கொடுப்பார், அவளும் தளவாடங்களில் ஒன்று என்பதுபோல.

மெரெட் பேச வேண்டியதைப் பேசினாள். வந்தவர்கள் நம்பினார்கள். நம்பியதால் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். இவளுக்குக் கிடைத்திருக்கிறதே, நாம்தான் சரியாகத் தேடவில்லை என்று ஒருவன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனான். இதற்குத்தான் அந்த வீடு என்று மெரெட்டுக்கு அன்று புரிந்தது. வாடகைத் தொகைக்காக இல்லை, இந்தக் குற்றவுணர்ச்சிக்காக. ஆறு மாதம் அவளும் இதைத்தான் சுமந்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை மாலை நெஸ்ரின் பருப்பு சூப் கொண்டு மேலே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நுரைப்பலகையின் விளிம்பில் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. “என்னடி பாப்பா, எப்படி இருக்கே?” என்று நெஸ்ரின் கேட்டாள்.

ஃபென்யா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். மேல்வரிசைப் பல் மட்டும் தெரியச் சிரித்தாள்.

“எங்களுக்கு இங்க ரொம்ப வசதியா இருக்கு. நாங்க பொறுமையாத் தேடினோம்.”

சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

நெஸ்ரின் மெரெட்டைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வறுமை 1923இல் முடிந்தது என்று எழுதியவர்கள்மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் சுற்றிவந்து அவள் தலையிலேயே இறங்கியது. நாமும் அதே கண்காட்சியைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அதில் பிள்ளையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. சூப் ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டாள். நெஸ்ரினிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: உதவித்தொகை போன்ற சமூக வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குப் போடக் காசு வேண்டுமா? வேண்டாம் என்றாள் நெஸ்ரின். வக்கீலும் வேண்டாம், எழுதிக்கொண்டும் போக வேண்டாம். வாயால் சொன்னால் அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுதிக்கொள்வார். “பாதிப் பேர் ஜெயிக்கறாங்களாம். எனக்குத்தான் தைரியம் வரல.” ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாட்சி வேண்டுமென்றால் சொல் என்றாள்.

மறுநாள் காலை மெரெட் ஃபென்யாவை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். வரிசை வழக்கம்போல் ரொட்டிக்கடை வரை நின்றது. உள்ளே பிளாஸ்டர் ரொட்டியைச் சுற்றி மூரிங்கும் கிளாப்ரோத்தும் பழக்கமில்லாத ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாப்பா எங்க?” என்றாள் மூரிங்.

“பாப்பாக்கள் இருக்க வேண்டிய இடத்துல.”

புது ஆள் அலுவலகத்தின் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவர். எங்களுக்கு இரண்டு வீடு என்று ஃபென்யா பள்ளியில் சொன்னதைக் கேட்ட ஒரு தாய், பொறுப்பான குடிமகளாகத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டாளாம். சோதனைப் பிரிவுக்காரர் நேற்றே வந்து வழக்கம்போல் குளியலறையில் பல் பிரஷ்களை எண்ணியிருக்கிறார். இரண்டு. இரவு உடுப்பு ஒன்று. குளிர்பெட்டியில் பிள்ளை வரைந்த படம். ஃப்ராவ் லூபன் இங்கே ரகசியமாகக் குடியிருக்கிறார் என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

மெரெட் மூரிங்கைப் பார்த்தாள். “அந்த பிரஷ்ஷை வெச்சது நீங்க.”

“எனக்குத் தெரியுமே” என்றாள் மூரிங். “ஆனா நான் ஒரு பிரிவு, இவர் ஒரு பிரிவு. ஒரு பிரிவு கண்டுபிடிச்சதுல இன்னொரு பிரிவு தலையிட்டா அதுக்குப் பேரு நிர்வாகமா? இவர் அறிக்கைப்படி நீங்க இங்க குடியிருக்கீங்க. அதனால உங்க அந்த வீடு தேவையில்லாதது, அதுக்கு இனிமே வாடகை தர முடியாது. என் பிரிவு விதிப்படி இங்க யாரும் குடியிருக்க முடியாது. அதனால இதையும் நீங்க காலி பண்ணணும்.”

கிளாப்ரோத் உண்மையான மகிழ்ச்சியோடு முன்னால் சாய்ந்தார். “அதாவது உங்களுக்கு இனிமே வீட்டுச் செலவே கிடையாது, ஃப்ராவ் லூபன். நீங்க சொல்லிட்டிருந்த பிரச்சினை தீர்ந்துடுச்சு.”

சோதனைப் பிரிவுக்காரர் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

மூரிங் குரலைத் தணித்தாள். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறதாம். மெரெட் இங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு வியாழன்தோறும் வழக்கம்போல் இருக்க வேண்டும். விதிவிலக்கை இன்னொரு வருஷம் நீட்டித் தருவார்கள். “ஃபென்யா ரொம்ப இயல்பாப் பண்றா. உங்களுக்கே தெரியாம ஒரு திறமையை வளர்த்திருக்கோம். அதை வீணாக்காதீங்க.”

மெரெட் எழுந்தாள். குளிர்பெட்டிக்குப் போய் ஃபென்யாவின் படத்தை உரித்தாள்.

“அது அலுவலகத்தோட பொருள்” என்றார் கிளாப்ரோத். “விளக்கக் கருவியில சேத்தாச்சு.”

அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இப்படிப் போனா அடுத்த மாசம் உங்க வாடகையை யார் கட்டுவாங்கன்னு நினைக்கறீங்க?” மூரிங்கின் குரலில் முதல்முறையாகக் கல்யாண வீடு இல்லை.

“நீங்கதான். முழுசா. இந்த வீட்டுக்கு எப்படிக் கட்டறீங்களோ அப்படி. அதைத்தான் நீதிமன்றத்துல சொல்லப் போறேன். வீட்டோட விலாசத்தையும் சொல்லுவேன், அவங்களும் இங்க வந்து பிரஷ்ஷை எண்ணட்டும்.”

கிளாப்ரோத் மூரிங்கைப் பார்த்தார். மூரிங் சோதனைப் பிரிவுக்காரரைப் பார்த்தாள். சோதனைப் பிரிவுக்காரர் தன் பிரிவுக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுபோல் குளியலறைப் பக்கம் பார்த்தார். பெட்ஸோல்ட் உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்தார்.

மெரெட் வெளியே வந்தாள். முதல் படியில் கைக்குழந்தையோடு ஒருவன் நின்றிருந்தான், கோப்பு அக்குளில். வீடு போய்விட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“போகல. காலியாத்தான் இருக்கு, பதினோரு வருஷமா. யாருக்கும் தர மாட்டாங்க, உங்களுக்குக் காட்டறதுக்காக மட்டும் வெச்சிருக்காங்க. நான் குடியிருக்கல, கூலிக்கு உக்காந்திருந்தேன்.” படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “நீங்க சரியாத்தான் தேடியிருக்கீங்க. உள்ள போய் எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்லுங்க. என்ன பதில் வருதுன்னு கேட்டுக்கிட்டு, நேரா நீதிமன்றத்துக்கு வாங்க.”

யாரும் உடனே அசையவில்லை. கோப்புகளை வைத்திருந்த கைகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தன. அவள் சுவரோரமாக அவர்களைக் கடந்து படியிறங்கினாள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மேலே ஒரு ஆண்குரல், “நான் எடுத்துக்கறேன்” என்றது. வாசலை அவள் அடைந்தபோது இன்னொன்று, ஒரு கிழவியின் குரல், அதன்மேல் மூன்றாவது.

திறந்திருந்த ஜன்னல்கள் வழியாக அது தெரு முழுக்கக் கேட்டது. மெரெட் நின்று கேட்கவில்லை. நீதிமன்றம் மதியத்தோடு மூடிவிடும். டிராம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.